ஜல்லியில் பூத்த பதினொன்று

கிளிஃபர்ட் டட்டன் முப்பத்தொரு வருடம் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவர். நடுங்குகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, அவர்கள் செய்யும் தவறுகளைக் கட்டம் கட்டமாகக் குறிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு குறிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை. மனைவி மேவிஸைக் குறிக்கத் தைரியம் கிடையாது. அதனால் தன்னையே குறிக்க ஆரம்பித்தார். காலையில் டீயைச் சிந்தினால் சிறு தவறு. மேவிஸின் பிறந்தநாளை மறந்தால் பெருந்தவறு, உடனே ஃபெயில்.

இந்தப் பழக்கம் முற்றிப்போனது ஆர்க்கிட் வளர்க்க ஆரம்பித்த பிறகுதான்.

ஹேடன்ஷா மலையடிவாரத்து ஊர். பனி விட்டால் மழை, மழை விட்டால் காற்று. கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சுகிற வகையெல்லாம் அங்கே சரிப்படாது. கிளிஃபர்ட் பிடித்துக்கொண்டது சதுப்பு நிலத்து ஆர்க்கிட். குளிர்காலம் முழுக்க மண்ணுக்கடியில் கிழங்காகத் தூங்கும். மார்ச்சில் மூக்கை நீட்டும். ஜூனில் முழங்கால் உயரத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கதிர் விடும். முதலில் மூன்று கிழங்கு வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் விரல் விரலாகப் பிளந்திருந்தது. பொட்டலத்தைப் பிரித்த மேவிஸ் அலறிக் கீழே போட்டுவிட்டாள்.

"யாரோட கையை வெட்டிட்டு வந்திருக்கே?"

கிழங்குகள் அவரைக் கைவிடவில்லை. வருடாவருடம் பழைய கிழங்கு சுருங்கிப்போகும், பக்கத்திலேயே புதிதாக ஒன்றோ இரண்டோ பருத்து நிற்கும். இலை வாடியதும் பிரித்து வேறு சட்டியில் வைத்தால் போதும். மூன்று ஒன்பதானது, ஒன்பது இருபதானது. கிளிஃபர்டுக்குத் தலைக்கனம் ஏறியது. ஊர் ஆர்க்கிட் கழகத்தின் மாதக் கூட்டத்துக்கு ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், தலைவர் ஹார்கோர்ட் பெல்லின் முன்னால் வைத்தார். பெல் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். செடியையும் மாட்டைப் பார்ப்பதுபோலப் பின்பக்கமாகப் போய்ப் பார்ப்பார்.

"கிழங்கு வச்சா? அது உருளைக்கிழங்கு போடுற மாதிரிதானே டட்டன். விதையிலேருந்து கொண்டுவா, அப்போ பேசலாம்."

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். கிளிஃபர்ட் அப்படிச் செய்யவில்லை. விதையிலிருந்தே கொண்டுவருகிறேன், அதுவும் எப்படி என்று எல்லோருக்கும் சொல்லித்தருகிறேன் என்று எழுந்து நின்று அறிவித்தார். செயலாளர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டார்: ஐந்தாம் வருடம், அக்டோபர் கூட்டம், 'விதையிலிருந்து ஆர்க்கிட்: என் வழிமுறை', பேசுபவர் சி. டட்டன். ஐந்து வருடம் என்பது அப்போது யுகம்போலத் தெரிந்தது.

ஆர்க்கிட் விதை என்பது விதையே இல்லை, தூசி. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தனக்கென்று சோறு கட்டிக்கொண்டு வராத விதை. மண்ணில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சைக்குப் பதில் நாமே ஊட்ட வேண்டுமென்றால், கஞ்சிபோல ஒன்றைக் காய்ச்சி, ஜாடியில் ஊற்றி, குக்கரில் அவித்து, விதையை பிளீச்சில் கழுவி, ஒரு கிருமிகூடப் போகாமல் உள்ளே போட வேண்டும். முதல் வருடம் காயை உடைக்கும்போது கிளிஃபர்ட் தும்மினார். அந்த வருடத்து அறுவடை திறந்திருந்த ஜன்னல் வழியாகப் போனது. இரண்டாம் வருடம் நாற்பது ஜாடி, முப்பத்தொன்பதில் பூசணம். வெள்ளை, பச்சை, கறுப்பு, ஒன்றில் ரோஸ். நாற்பதாவது ஜாடியில் கடுகளவு பச்சையாக ஏழு உருண்டைகள் வந்தன. கிளிஃபர்ட் அவற்றுக்கு மனதுக்குள் பெயர்கூட வைத்தார். சட்டிக்கு மாற்றிய மூன்றாம் நாள் ஒரு நத்தை ஏழையும் ஒரே வேளையில் முடித்துவிட்டுப் போனது.

"சூப்ல பிளீச் வாசனை வருது. இனிமே என் குக்கரைத் தொட்டே, நீயும் அதுக்குள்ளதான்," என்றாள் மேவிஸ்.

மூன்றாம் வருடமும் பூசணம். நான்காம் வருடமும் அதே. ஐந்தாம் வருடம் ஜூன் மாதம் வந்துவிட்டது. கையில் காட்டுவதற்கு ஒரு முளை கிடையாது.

அந்த ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை மேவிஸ் எலுமிச்சைக் கேக் ஒன்றை அவர் கையில் திணித்தாள். "பக்கத்து வீட்டு ஈனிட் டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டாளாம். வியாழக்கிழமை கார் வருதாம். போய் வாழ்த்துச் சொல்லிட்டு வா."

"நானா?"

"நீதான். நாலு தடவை ஃபெயில் பண்ணது நானா?"

ஈனிட் கிராஸ்லியை அவர் ஃபெயில் ஆக்கியது பல வருடங்களுக்கு முன்னால், வேறு ஊரில். முதல் தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை ரவுண்டானாவைச் சுற்றாமல் நேராக அதன் மேலேயே ஏறினாள். மற்ற இரண்டையும் கிளிஃபர்ட் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதே ஈனிட் பக்கத்து வீட்டை வாங்கிக் குடிவந்தாள். வேலிக்கு மேலாக அவரைப் பார்த்தவள், "அட, நீங்களா," என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு அறுபது வயதுவரை சைக்கிளிலேயே போய்வந்தாள். முன்வாசலில் கார் நிறுத்துவதற்காகப் போட்டிருந்த ஜல்லித் தளம் சும்மாவே கிடந்தது.

கேக்கோடு போன கிளிஃபர்டுக்குக் கதவைத் திறந்தாள் ஈனிட். "வாங்க மிஸ்டர் டட்டன். பேனாவைக் காணோம்?"

வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். படிக்குப் பக்கத்தில், ஜல்லிக்கு நடுவில், மூன்று கத்தரிப்பூக் கதிர்கள். பக்கத்தில் புள்ளியில்லாத பச்சை இலைகள், ரோஜா இதழ் அடுக்கியதுபோல. அவர் எண்ணினார். மூன்று பூத்தவை, எட்டுப் பூக்காதவை. அவருடைய செடியேதான், நிறம் தப்பாது. விதையைக் கொண்டுவந்தது எந்தக் காற்றோ, எந்தத் தும்மலோ. யாரும் அவிக்கவில்லை, கழுவவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"களையெல்லாம் நிறைய இருக்கே," என்று அவர் வாய் தானாகச் சொன்னது. "கார் வர்றதுக்கு முன்னாடி நான் பிடுங்கித் தரட்டுமா? பக்கத்து வீட்டுக்காரன் செய்யக்கூடாதா."

ஈனிட் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "ரொம்ப நல்ல மனசு," என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில், பத்தே அடி தூரத்தில், கிளிஃபர்ட் தனக்கு இரண்டு பெருந்தவறு போட்டுக்கொண்டார். இருந்தாலும் புதன்கிழமை காலையில் கரண்டியும் தட்டும் ஈரப் பாசியுமாகப் போய் மண்டியிட்டார். நிஜமான களைகளான டேன்டேலியனையும் புல்லையும் முதலில் சரசரவென்று பிடுங்கி வாளியில் எறிந்தார். பிறகு முதல் ஆர்க்கிட்டைச் சுற்றி ஜல்லியை ஒவ்வொரு கல்லாக எடுத்துவைக்க ஆரம்பித்தார். ஒரு கல்லை எடுக்கும்போது செடி அசைந்தது. "மன்னிச்சிடு," என்று முணுமுணுத்தார்.

"களைகிட்ட மன்னிப்பு கேட்கிறதை இப்பத்தான் பார்க்கிறேன்."

ஈனிட் படியில் டீக் கோப்பையோடு நின்றிருந்தாள். "அந்தக் களை வாளிக்குப் போகுது, இந்தக் களைக்கு மட்டும் பாசியில மெத்தை போட்டிருக்கீங்க?"

கிளிஃபர்டின் காது சிவந்தது. "மிஸஸ் கிராஸ்லி, இது களை இல்லை. ஆர்க்கிட்."

"தெரியும்."

"தெரியுமா?"

"பன்னெண்டு வருஷமா உங்க சட்டிங்களைப் பார்த்துட்டுதானே இருக்கேன். என்னைக் கண்ணாடி பார்க்கலைன்னுதான் ஃபெயில் பண்ணீங்க, கண்ணு தெரியலைன்னு இல்லையே. நீங்களா எப்போ சொல்றீங்கன்னு பார்த்துட்டு நின்னேன். அரை மணி நேரம் ஆச்சு."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். உருளைக்கிழங்குப் பேச்சு, கூட்டத்தில் எழுந்து நின்றது, நாற்பது ஜாடி, நத்தை, அக்டோபர். நத்தையில் ஈனிட் சிரிக்க ஆரம்பித்தாள். ரோஸ் பூசணத்தைப் பற்றி அவர் விளக்கியபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"சரி, ஒண்ணு சொல்லுங்க. என்னை நீங்க பாஸ் பண்ணியிருந்தா இங்க என்ன நின்னிருக்கும்?"

"கார்."

"கார் நின்னிருந்தா செடி?"

"நசுங்கியிருக்கும்."

"அப்போ இதை வளர்த்தது யாரு?"

ஜல்லி முழங்காலைக் குத்தியது. "நீங்க," என்றார்.

"சத்தமா."

"நீங்கதான்!"

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மேவிஸ் கைதட்டினாள்.

ஈனிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூத்து நிக்கிறப்போ பிடுங்கலாமா?" என்று கேட்டாள்.

"கூடாது. இலை வாடி, கிழங்கு முத்தணும். அக்டோபர் ஆகும்."

"தெரிஞ்சேதான் பிடுங்குறீங்களா?"

"நாளைக்குக் கார் வருதே."

"வந்தா? உங்க வீட்டு முன்னாடி நிக்கட்டும். உங்க காரை நீங்க வேற எங்கயாவது நிறுத்திக்குங்க."

அப்படியே ஆனது. வியாழக்கிழமை ஈனிட் தன் சின்னச் சிவப்புக் காரைப் பின்னோக்கி ஓட்டி கிளிஃபர்டின் வாசலுக்குள் கொண்டுவந்தாள். அவர் நின்று கைகாட்டினார். இரண்டு சட்டிகள் நொறுங்கின. மேவிஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோடை முழுவதும் தன் காரை மேட்டுக்குக் கீழே தெருவில் நிறுத்திவிட்டு, மழையில் மேடேறி வீட்டுக்கு நடந்தார். வழியில் தினமும் ஜல்லிப் பக்கம் எட்டிப்பார்த்தார். நத்தை வருகிறதா என்று ஈனிட்டும் பார்க்க ஆரம்பித்தாள். ஆகஸ்டில் அவரை "கிளிஃபர்ட்" என்று கூப்பிட்டாள். முதலில் அவர் யாரையோ என்று திரும்பிப் பார்த்தார்.

அக்டோபர் முதல் வாரம் இருவரும் சேர்ந்து தோண்டினார்கள். பதினொரு செடிக்குப் பதினான்கு கிழங்கு. ஒன்று கழிவுநீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது, விட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஏழு என்றாள் ஈனிட். குழாயில் இருப்பது போக மிச்சம் பதின்மூன்றுதான், தனக்கு ஆறு போதும் என்றார் கிளிஃபர்ட். அது நியாயம் என்று அவள் ஒப்புக்கொண்டது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

கூட்டத்தன்று மாலை ஈனிட்தான் காரோட்டினாள். கிளிஃபர்டின் வலது கால் இல்லாத பிரேக்கை வழிநெடுக மிதித்துக்கொண்டே வந்தது. ஆனால் ரவுண்டானாவைச் சுற்றியே போனாள்.

கூடத்தில் முப்பது பேர், பாதிப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு. ஹார்கோர்ட் பெல் முன்வரிசையில். கிளிஃபர்ட் மூன்று கிழங்குகளை மேசையில் வைத்தார். இவற்றை நானே வளர்த்தேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். தாய்ச்செடி அவருடையது, முழுப் பொய்யும் இல்லை. நோட்டுகள் திறந்திருந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வழிமுறையில முளைச்சது ஏழு. அதை நத்தை தின்னுடுச்சு," என்றார். "இது மிஸஸ் கிராஸ்லியோட வழிமுறை. அவங்களே வந்திருக்காங்க, கேட்டுக்குங்க."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். பெல் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மேசையைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து கிழங்குகளைப் பார்த்தார். நிமிர்ந்து, தனக்கும் இருபது வருடமாக ஜாடியில் ஒன்றுமே வந்ததில்லை என்று கிளிஃபர்டின் காதில் சொன்னார். அதற்குள் ஈனிட்டைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது.

"என்ன உரம் போட்டீங்க?"

"ஒண்ணுமில்லையே. அங்க ஜல்லி இருக்கிறதே மறந்துபோச்சு."

அதையும் இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள்.

கிளிஃபர்ட் இப்போது ஜாடிகளை விட்டுவிட்டார். ஈனிட்டின் வாசலிலிருந்து இரண்டு வாளி ஜல்லியும், ஊட்டுகிற பூஞ்சை அதில் இருக்குமென்று அடிமண்ணும் வாங்கி வந்து தன் தோட்ட மூலையில் கொட்டி, காய்களை உடைத்து மேலே தூவினார். மறந்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். ஒரு நாளைக்கு நான்கு முறை போய், மறந்துவிட்டோமா என்று பார்த்துவருகிறார். தூவிய இரண்டாம் வருடம் ஏப்ரலில் ஒரு பச்சை இலை தலைகாட்டியது. மேவிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, புல் என்றாள். வேலிக்கு மேலாகப் பார்த்த ஈனிட்டும் புல் என்றாள். கிளிஃபர்ட் அதைச் சுற்றி நத்தை வராமல் செம்புத் தகட்டை வளைத்துவைத்து, மழையில் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.