பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று கேட்டதற்கு

அன்புத் தங்கை ஏஞ்சலினுக்கு அக்கா ஆக்சிலியா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. இன்று சனிக்கிழமை. பதில் போட இத்தனை நாள் எடுத்துக்கொள்கிறவள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

நீ கேட்டிருந்தது இது. மடத்து இல்லத்தில் இருக்கிற இருபத்திரண்டு பிள்ளைகளை மே மாதம் ஒருநாள் ஒகேனக்கல் கூட்டிப்போகலாம் என்று மதர் நினைக்கிறார்கள். நீ தருமபுரிக்காரி என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த இடம் தோதுப்படுமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதல் தடவை, "நல்ல இடம், தாராளமாக வாருங்கள்" என்று எழுதினேன். இரண்டாவது தடவை, "வேண்டாம்" என்று ஒரே வரி. ஏன் வேண்டாம் என்று மதர் கேட்டால் நீ என்ன சொல்வாய்? ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உனக்கு வருகிற கடிதத்தை மதர் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்பதும் தெரியும். படிக்கட்டும்.

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். நான், உன் மாமா அமல்தாஸ், எங்கள் பிள்ளை ஜோவிட்டா, மாமாவின் அக்கா எழிலரசி, ஆக நாலு பேர். மாமாவுக்குக் கடையில் ஞாயிறு ஒருநாள்தான் லீவு. போவதற்கு முன் ஒரு வாரமாக போனில் அந்த இடத்தைப் பற்றிப் போட்டிருந்ததையெல்லாம் படித்துக் காட்டினார். "குழந்தைகளோட போக சூப்பர் இடம்னு எழுதியிருக்கான் பாரு, அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான்" என்றார். எழுதினவனுக்குப் பிள்ளை உண்டா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஜோவிட்டாவுக்கு நாலரை வயது. வாரம் முழுக்க மீன் பார்க்கப் போறேன், மீன் பார்க்கப் போறேன் என்று அதே பேச்சு.

பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறி, பென்னாகரத்தில் மாறி, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைக்கு ஒன்றுக்கு வந்து, இடம் தேடியே கால்மணி நேரம் போனது. பெங்களூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பிள்ளையை வைத்துத் தள்ளுகிற வண்டியைக் கொண்டுவந்து, பாறையில் உருட்ட முடியாமல், பைகளை அதில் வைத்து இரண்டு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். "பை சொகுசா உக்காந்து போவுது, பிள்ளை நடந்து போவுது பாரு" என்றார் எழிலரசி அண்ணி. சிரித்துக்கொண்டே போனோம்.

பரிசல் துறையில் ஜோவிட்டாவுக்கு மிதவைச் சட்டை மாட்டினார்கள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வாரை இழுத்துக் கட்டியும், கழுத்துக்கும் சட்டைக்கும் நடுவில் என் கை முழுசாகப் போனது.

"உள்ள பிள்ளை இருக்குதா, இல்ல இறங்கிப் போயிருச்சா?" என்றார் அண்ணி.

மாமா உடனே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். "பரிசல் வேணாம் ஆக்சிலி. சட்டை நிக்கல, பிள்ளை எங்க நிக்கும்?" என்றார். இதை நீ முக்கியமாகப் படி. அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் வரிசையாக இருப்பார்கள், நீயும் பார்த்திருப்பாய். சின்னராஜ் என்று ஒருவர், "வாங்கண்ணா, மூட்டை தூக்கற உடம்புன்னு பார்த்தாலே தெரியுது. ஒரு தேய் தேய்ச்சு வுட்டா வூடு போறவரைக்கும் மிதப்பீங்க" என்று மாமாவைப் பாறையில் படுக்கவைத்துவிட்டார். அண்ணி மீன் வறுக்கிற இடத்துக்குப் போய்விட்டார். தட்டுகிற சத்தத்துக்கு ஜோவிட்டா கைகொட்டிக்கொண்டிருந்தாள். மாமா குப்புறப் படுத்திருந்தார், முகம் அந்தப் பக்கம்.

வாங்கின எண்ணெயில் பாதி கிண்ணத்தில் மிச்சமிருந்தது. வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத்தான் தலைக்கு ஊற்றுவேன். முந்தின நாள் துணிமணி எடுத்துவைக்கிற வேலையில் அது விட்டுப்போயிருந்தது. அதை இங்கே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கவுனைத் தூக்கி, தோள், கை, வயிறு, இடுப்பு, கால் எல்லா இடமும் வைத்துத் தேய்த்தேன். பாதத்தைக்கூட விடவில்லை. வீட்டில் முக்காலி போட்டு, என் இரண்டு காலுக்கும் நடுவில் அவளை நிறுத்தி, சீயக்காய் போட்டு எடுப்பேன். இங்கே முக்காலியும் இல்லை, சீயக்காயும் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"அம்மா, மீன் மாதிரி வழுக்குது பாரு" என்றாள் அவள். நானும் சிரித்தேன்.

மாமா எழுந்துவந்தார். தலையிலிருந்து கால்வரை எண்ணெய். "வாடி தங்கம், குளிக்கலாம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் துணியும் பையும் வைத்துக்கொண்டு மேலே நின்றேன். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் இழுப்பு இருந்தது. குடும்பம் குடும்பமாக அங்கேதான் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஜோவிட்டா குதூகலத்தில் உடம்பை ஒரு துள்ளு துள்ளினாள்.

தோளைப் பிடித்திருந்தார், வழுக்கியது. இடுப்பைப் பிடித்தார், வழுக்கியது. காலைப் பிடித்தார். நான் எங்கெங்கே தேய்த்தேனோ அந்த வரிசையில் அவர் கையை விட்டுப் போனாள் ஏஞ்சலின். கடைசியில் பாதம். பிறகு வெறும் கை.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே பத்தடியில், கன்னடம் பேசுகிற ஒரு அம்மாள் சேலையோடு குளித்துக்கொண்டிருந்தார். "ஹிடி! ஹிடி!" என்று யாரோ கத்தினார்கள். பிடி என்று அர்த்தம். அந்த அம்மாள் குறுக்கே ஒரு காலைப் பாறையில் ஊன்றி, வந்தவளைத் தொடையில் தடுத்தார். கையைப் பிடித்தார், நிற்கவில்லை. அப்புறம் கவுனை முறுக்கிப் பிடித்துத் தூக்கினார். கவுன் தையல் பாதி கிழிந்திருந்தது. பிள்ளை தண்ணீரைக் கக்கினாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அந்த அம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். "மை எல்லா எண்ணே! யாரு ஹச்சித்து?" என்றார். உடம்பெல்லாம் எண்ணெய், யார் பூசினது என்கிறார். எல்லையோரத்தில் பிறந்த நமக்கு அது புரியாதா?

நான் வாயைத் திறக்குமுன் மாமா தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "நான்தாங்க. மசாஜ் பண்ணின கையோட தூக்கிட்டேன்."

திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி அவரை விடவில்லை. "பெத்த பிள்ளையப் பிடிக்க வக்கில்ல, உனக்கு மசாஜ் கேக்குதா?" என்றார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அவர் பிள்ளையைத் தூக்குவதில்லை. சாப்பிடும்போது மடியில் ஏறவந்தால் தட்டோடு எழுந்துவிடுகிறார். "அப்பா தூக்கு" என்று கையை நீட்டினால், "அம்மாகிட்ட போ தங்கம்" என்கிறார். கடையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் கழுவுகிறார். "அப்பாவுக்கு என்மேல கோவமா?" என்று ஜோவிட்டா என்னைக் கேட்டாள். இவ்வளவையும் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த நாளில் எனக்கு வந்த திகில் ஒன்று. இப்படி ஒருத்தி நானா என்கிற திகில் இன்னொன்று. இது அதைவிடப் பெரிது.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிட்டேன். "பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சது நாந்தாங்க. நீங்க படுத்திருக்கையில. உடம்பு பூரா."

"காலுக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"காலுக்கும்."

அடிப்பார், கத்துவார் என்றுகூட எதிர்பார்த்தேன். "அக்காகிட்ட சொல்லிறாத. அது உன்னை உயிரோட வெக்காது. என்னையே திட்டிக்கிட்டுக் கெடக்கட்டும்" என்றார்.

"அப்ப பிள்ளையத் தூக்குங்க" என்றேன்.

"எண்ணெய் யாரு வெச்சா என்ன ஆக்சிலி, வுட்டது என் கைதானே."



மதருக்கு இப்படிச் சொல். கூட்டிவரலாம். தண்ணீரில் யாரையும் இறக்க வேண்டாம். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும், அவர் கையில் போனோ பையோ இருக்கக் கூடாது. பிள்ளைக்குப் பொருந்துகிற மிதவைச் சட்டை இல்லாவிட்டால் பரிசலைக் கரையிலிருந்தே பார்க்கட்டும். எண்ணெய்க் கிண்ணம் பக்கமே போக வேண்டாம். போனில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், இதை நம்புங்கள்.

இன்று காலையில் ஒன்று நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மாமா வாசலில் குனிந்து சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். ஜோவிட்டா பின்னாலிருந்து ஓடிவந்து அவர் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை, இறக்கிவிடவும் இல்லை. இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி அப்படியே இருந்தார். பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். நான் கிட்டே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஆக்சிலியா