அக்காவின் ஸ்லைடு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘ரெண்டு தரம்’ என்று பட்டப்பெயர். எந்த ஸ்லைடையும் ஒருமுறை மட்டும் பார்த்து அவள் முடிவு எழுதியதில்லை. எடுத்து வைத்ததை மறுபடி மைக்ராஸ்கோப்பில் பொருத்திப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. கேலி செய்தால் சிரித்துக்கொள்வாள். காரணம் மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

குனிந்து பார்க்கும்போதெல்லாம் வலது தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்கும். நாலு சின்ன மூச்சு, பிறகு ஒரு நிறுத்தம். அவள் அக்கா அப்படித்தான் மூச்சு வாங்குவாள். அக்கா இறந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது.

அன்று காலை வார்டில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணுக்கு ரத்தம் எடுக்கப் போனாள். முப்பத்தைந்து வயது, நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். ரத்தசோகை என்று இரண்டு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை; எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியிருந்தது. சிறுநீர் காப்பி நிறத்தில் போவதாகச் சொன்னார்.

“கண்ணு மஞ்சளா இருக்குன்னு பசங்க கேலி பண்றாங்க,” என்று சிரித்தார். சிரித்து முடிக்குமுன் மூச்சு இரைத்தது.

ரத்தம் எடுத்துக்கொண்டே அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். அக்காவின் கண்ணில் கடைசியாகப் பார்த்த அதே மஞ்சள்.

கூடத்துக்கு வந்து ரத்தத் துளியைக் கண்ணாடியில் இழுத்து, சாயமிட்டுப் பார்த்தாள். இரும்புச்சத்துக் குறைவென்றால் அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளுத்து, வளையம் போலத் தெரியும். இங்கே அந்த வெளுப்பே இல்லை. சின்னச் சின்ன உருண்டைகளாக, அடர் சிவப்பாகக் கிடந்தன. இடையிடையே பெரிய, நீலம் பாய்ந்த இளம் அணுக்கள். எலும்பு மஜ்ஜை அவசர அவசரமாக அனுப்பிக்கொண்டிருந்தது.

இதே உருண்டைகளை அவள் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அப்போது இந்த வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்; அக்கா ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பழகிப்பார்க்க அக்காவின் விரலில் குத்தி ஒரு ஸ்லைடு போட்டாள். ரத்தத்தை மெல்லிசாக இழுத்துவிட்டால் ஓரத்து அணுக்கள் இப்படித்தான் வெளுப்பில்லாமல் தெரியும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். தன் கைதான் சரியில்லை என்று நினைத்து, ஸ்லைடைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பதினோராம் நாள் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எந்தப் பாட்டில் ரத்தமும் அவளுக்குச் சேரவில்லை.

இப்போது மூச்சுச் சத்தம் காதருகிலேயே கேட்டது. அவள் திரும்பவில்லை. புதிதாக இரண்டு ஸ்லைடு போட்டாள். நடுப்பகுதியிலும் அதே உருண்டைகள். டாக்டருக்குப் போன் செய்தாள்.

“ரத்தம் ஊறாம கொறையல டாக்டர். நல்லாவே ஊறுது. ஊறுறதை உடம்பே உடைக்குது.”

பரம்பரையாக வரும் நோயிலும் அணுக்கள் உருண்டையாகத்தானே இருக்கும் என்று கேட்டார் டாக்டர். அதைப் பிரித்துச் சொல்லத்தான் கூம்ஸ் சோதனை செய்ய வேண்டும் என்றாள். செய்யச் சொல்லிவிட்டு அவரும் கீழே இறங்கி வந்தார்.

அணுக்களை உப்புநீரில் திரும்பத் திரும்பக் கழுவி, சோதனைத் திரவம் விட்டுச் சுழற்றினாள். குழாயை லேசாகத் தட்டியதும் அடியிலிருந்தது புகைபோலக் கலையவில்லை. ஒரே கட்டியாகப் பெயர்ந்து வந்தது. உடம்பு தன் சொந்த அணுக்களையே அந்நியமாக நினைத்து, அழிக்கச் சொல்லி ஒட்டிய அடையாளம் அது.

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இரும்பு மாத்திரையை நிறுத்திடலாம். ஸ்டீராய்டு இன்னிக்கே ஆரம்பிக்கிறேன்,” என்றார்.

மூன்றாம் வாரம் ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டது. கண்ணின் மஞ்சள் போயிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பிவிட்டது என்று அந்தப் பெண் குறைப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அத்தானைப் பார்க்கப் போனாள். லிஃப்ட் பழுது பார்ப்பவர். அக்காவுக்குப் பிறகு தனியாகவே இருந்துவிட்டார். சமையலறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குச் செய்த சோதனையையும், அன்று கழுவிய அக்காவின் ஸ்லைடையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தாள்.

அவர் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்த இரும்பு மாத்திரையை அவ வேணாம்னுதான் சொன்னா. குமட்டுதுன்னா. நான்தான் அதட்டி அதட்டிக் குடுத்தேன், கடைசி நாள் வரைக்கும்,” என்றார். “இன்னமும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் கை தன்னால அந்த டப்பாவைத் தேடுது.”

 பிறகு அந்தச் சோதனையின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னாள். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் ஆகும், அதுக்கு?”

“ஒரு மணி நேரத்துக்குள்ள ஆயிடும் அத்தான்.”

அவர் தலையாட்டினார். “ஒரு மணி நேரம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.