வட்டமாய் வைத்த கைநாட்டு

கரட்டூத்தின் வரலாற்றை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரும்படி பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கேட்டபோது, அரைப் பக்கமே தாராளம் என்று சொல்லிவிட்டு வந்தார் ஆரோக்கியதாஸ் வாத்தியார். அது அறுபத்திரண்டாம் வருஷச் சித்திரை. அந்த ஊர் ஓராசிரியர் பள்ளியின் ஒரே ஆசிரியர் அவர்தான். வாய் கொஞ்சம் நீளம்.

ரெட்டியார்சத்திரத்தில் பஸ் இறங்கி, கள்ளியும் சரளைக்கல்லுமான பொட்டலில் ஐந்து மைல் நடந்தால் கரட்டூத்து. இரண்டு யூனியன்களின் எல்லைக்கல் ஊருக்கு நட்டநடுவில், ஊற்றை ஒட்டி நின்றது. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஊரை அடுத்தவருக்கே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். மாதக் கடைசிக்குள் ஊரின் வரலாறும், எல்லா வீட்டுக் கைநாட்டும் உள்ள மனு போய்ச் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆடு மேய்க்கும் உத்தியோகம் நிச்சயம்.

ஊர் உண்டானதே ஊற்றால்தான். பாறை இடுக்கில் கசிவதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். கோடையில் முதல் பத்துக் குடம் தெளிவாக வரும், அப்புறம் கலங்கல்தான். ஊற்றைக் கண்ட வம்சத்துக்கே முதல் குடம் என்பது வழக்கம். கண்டது யார் என்பதில்தான் தகராறு. தினமும் விடிந்தால் இரண்டு வீட்டுக் குடங்கள் முட்டிக்கொள்ளும்.

"எழுதிக்கங்க வாத்தியாரே," என்றார் ஒரு வம்சத்துப் பெரியவர் பெருமாள்சாமி. "எங்க பூட்டன் தடிய ஊனுன எடத்துல பொங்குன தண்ணி இது."

"ஒங்க பூட்டனுக்குத் தாகமெடுத்தா கள்ளுக்கடைக்குத்தான வழி தெரியும்," என்றாள் எதிர் வம்சத்து ஒச்சம்மாள். "எங்க பூட்டி மாசமா இருக்கையில கண்ட ஊத்து. அத எழுதுங்க."

இரண்டையும் எழுதினார். எது மேலே, எது கீழே என்று சண்டை. கிழித்துப் போட்டுவிட்டு, ஊற்றைக் கண்டது ஓர் ஆடு என்று எழுதினார்.

"யாரு வீட்டு ஆடு?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் எதிலாவது ஒத்துப்போய் வாத்தியார் பார்த்தது அன்றுதான்.

கடைசியில் வரலாறு இரண்டு வரியாகச் சுருங்கியது: 'ஊற்றைக் கண்டவர் யாரென்று தெரியவில்லை. கண்ட பிறகு யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை.' இதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்காரன் கைநாட்டுக்குக் கீழே வைக்கவும் யாரும் தயாரில்லை. வாத்தியார் காகிதத்தில் செம்பைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அதைச் சுற்றி எல்லோரையும் வைக்கச் சொன்னார். வட்டத்துக்கு ஏது தலை, ஏது வால்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு ஐந்து மைலும் நடந்தார்.

ஆபீஸ் கிளார்க் காகிதத்தை ஸ்டியரிங் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முதல் மனுதாரர் யாரு சார்?"

"முதல்னு யாரும் இல்லைங்களே."

"முதல் இல்லாம ஃபைல் நகராது. ஒரு பேரச் சொல்லுங்க, நான் சாப்பிடப் போகணும்."

பெருமாள்சாமி என்றால் ஒச்சம்மாள் பக்கத்துப் பதினைந்து பிள்ளைகள் பள்ளிக்கு வராது. ஒச்சம்மாள் என்றால் மற்ற பதினேழும் வராது. வாத்தியார் வாயில் வந்த பெயர் மாயம்மாள். எந்த வம்சத்தோடு ஊருக்கு வந்தவள் என்று யாருக்கும் நினைவில்லாததால், வருஷம் பூராவும் கடைசியில் நின்று கலங்கலை மொள்ளும் விதவை. கிளார்க் எழுதிக்கொண்டு சீல் குத்தினார். பள்ளி இருக்குமிடத்திலேயே இருக்கும் என்றார்.

மறுநாள் காலையில் ஊற்றடியில் வாத்தியார் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"என்னய ஏன் சார் இழுத்து விட்டீக?" என்றாள் மாயம்மாள். "நாம்பாட்டுக்குக் கடைசியில நிம்மதியா நின்னுக்கிட்டிருந்தேன்."

பெருமாள்சாமி குடத்தைக் கீழே வைத்தார். "ஒச்சம்மா பேரு இல்லேல்ல? அப்பச் சரி."

"அவரு பேரு இல்லாத வரைக்கும் எனக்கும் சரிதான்," என்றாள் ஒச்சம்மாள். "சர்க்கார் காயிதத்துல ஏறிருச்சு. மாயக்கா, முன்னுக்கு வாங்க."

வாத்தியார் விட்ட பெருமூச்சு பாதியில் நின்றது.

"அப்ப ரெண்டாவது யாரு?" என்றார் பெருமாள்சாமி.

வாத்தியார் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். பூட்டனும் பூட்டியும் மறுபடி கிளம்பிவிட்டார்கள். மாயம்மாள் சத்தமில்லாமல் மொண்டாள். ஒரு குடம் தெளிந்த தண்ணீரை வீட்டில் வைத்துவிட்டு வந்தாள், இரண்டாவதையும் கொண்டுபோனாள். மூன்றாவது குடத்தோடு வாத்தியாரைக் கடந்தபோது அவர் கையில் ஒரு சிரட்டைத் தண்ணீரை நீட்டினாள். ரெண்டாவது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.