இடப்பக்க வளைவு

தரையில் ஒட்டிய கறுப்புக் கோடு இடப்பக்கம் வளைந்தது. அதைப் பின்தொடர வேண்டிய ரோபோவோ, சொல்பேச்சு கேட்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டதுபோல் வலப்பக்கம் திரும்பி, மேசைக்காலில் முட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டாவது வாய்ப்பும் போச்சு," என்றார் செய்முறைத் தேர்வு நடத்திய பேராசிரியர். "இன்னும் ஒண்ணுதான். பத்து நிமிஷம் எடுத்துக்குங்க."

தங்கை ரோபோவைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். புரோகிராம் எழுதியது அவள். ஒயர் வேலையெல்லாம் அக்கா. குழுவே அவ்வளவுதான். போன வருடம் இதே பாடத்தில் தோற்ற அக்கா, இப்போது தங்கையின் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இந்த முறையும் தோற்றால் படிப்புக்கே முழுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் காதுபட 'தப்பு' என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. அவள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால்கூட அப்பா, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பார்.

தங்கையும் அந்த வீட்டுப் பெண்தானே. நேற்று ஒத்திகையில் ரோபோ மாறித் திரும்பியதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அக்கா அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, புரோகிராமில் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிவிட்டாள். இன்று முதல் வாய்ப்பில் பார்த்தால் மறுபடியும் மாறியே திரும்பியது. மாற்றியதைப் பழையபடி ஆக்கினாள். இப்போதும் அதே கதை. எப்படி மாற்றினாலும் ஒரே பக்கம் போகிற சனியனை என்னதான் செய்வது? இடது எது, வலது எது என்றே சந்தேகம் வந்து, எழுதுகிற கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துக்கொண்டாள்.

பேட்டரியையாவது பார்ப்போம் என்று மூடியைத் திறந்தாள். காலையில் வலது மோட்டாரில் இருந்த சிவப்பு ஒயர் இப்போது இடது மோட்டாரில் இருந்தது.

"அக்கா, நீ ஒயரை மாத்தினியா?"

அக்கா திருதிருவென்று முழித்தாள். "நேத்து ஒரு தடவை. இப்ப ஒரு தடவை. ஏன்?"

"அதே நேரத்துல நானும் புரோகிராம்ல மாத்தினேன். ரெண்டு தடவையும். நீ அங்க மாத்த, நான் இங்க மாத்த, பழையபடியே ஆயிருச்சு."

"அடிப்பாவி! எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீ வருத்தப்படுவியோன்னு..."

"எனக்கும் உன்கிட்ட சொல்ல பயம்டி. போன வருஷம் கோட்டை விட்டவ, இப்பவும் விட்டுட்டான்னு நெனச்சுப்பியோன்னு."

சொல்லி முடித்ததும் சரிசெய்ய இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தலையோடு தலை மோதியது.

"தள்ளு," என்றாள் அக்கா, நெற்றியைத் தேய்த்தபடி. "நீ எதையும் தொடாதே. கையைக் கட்டிட்டு நில்லு."

தங்கை கையைக் கட்டிக்கொண்டாள். மூன்று மாத வேலையில் அவளுக்கு இதுதான் பெரும்பாடாக இருந்தது. அக்காவின் விரல்களிலிருந்து ஒயர் இரண்டு முறை நழுவியது. பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் அவள் அசையவில்லை.

ரோபோ கிளம்பியது. கோடு இடப்பக்கம் வளைந்தது. ரோபோவும் நல்லபிள்ளையாக இடப்பக்கம் வளைந்து, எல்லைவரை போய் நின்றது.

"நல்லது," என்றார் பேராசிரியர். "கோளாறு எதுல இருந்தது?"

தங்கை முந்திக்கொண்டாள். "புரோகிராம்ல சின்னதா ஒரு..."

"பொய் சொல்றா சார்," என்று சிரித்தாள் அக்கா. "தப்பு என்னோடதுதான். முதல் நாளே ஒயரை மாத்திச் சொருகிட்டேன்."

ஒரு வருடமாக வீடே பொத்திப் பொத்தி மறைத்த சொல்லை அவளே போட்டு உடைத்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கைக்குத்தான் அழுகை வந்தது. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.