லாண்ட்ரிக்காரியின் வேலி

நாத்தனார் மேல் இருந்த ஆத்திரத்தில்தான் லாண்ட்ரிக்காரி அந்த வேலியைப் போட்டாள். பின்னே? ஆற்றங்கரையில் இருந்த அந்தத் துண்டு நிலம்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. லாட்ஜ் படுக்கை விரிப்புகள் அத்தனையும் அங்கே கொடி கட்டித்தான் காய்கின்றன. அங்கே நாத்தனார் ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்து, வெள்ளத்தைத் தடுக்க மரம் நடப்போகிறோம் என்றால் வயிறு எரியாதா?

"நிழல் விழுந்தா துணி எப்படிடி காயும்? உன் தலையிலயா விரிச்சுப் போடுறது?"

"கரையே போயிட்டா கொடியை எங்க கட்டுவீங்க, அண்ணி?"

"என் கரை, என் தலைவலி. காலை எடுத்து வச்சே, நடக்குறதே வேற!"

"அவ என் தங்கச்சிடி" என்று முனகினான் கணவன்.

"அப்போ அவ வீட்லயே போய்ச் சாப்பிடுங்க."

மேட்டில் நின்ற பூவரசில் பச்சைக் கம்புகளாக வெட்டி, கரை விளிம்பு நெடுக நெருக்கமாகச் சம்மட்டியால் அடித்து இறக்கி, முள்கம்பி இழுத்துக் கட்டினாள். நாத்தனார் கூட்டம் அவள் நிலத்துக்கு இரண்டு பக்கமும் கன்று நட்டுவிட்டுப் போனது.

கொஞ்ச நாளில் வேலிக்கம்புகள் துளிர்விட்டன. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளி எறிந்தாள். மானம் ரோஷம் இல்லாத ஜென்மங்கள், மறுபடி துளிர்த்தன. எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் வெள்ளம் வந்தது. வடிந்தபோது இரண்டு பக்கமும் கன்றுகளோடு கரையும் சரிந்து போயிருந்தது. அவள் நிலம் மட்டும் நின்றது. விளிம்பில் பூவரசு வேர்கள் சேற்றைக் கவ்விக்கொண்டிருந்தன.

ஆனால் மரங்களின் நிழல் ஆற்றுப் பக்கம் இருந்த முன்கொடியில் விழுந்தது. விரிப்பில் ஈரவாடை என்று லாட்ஜ்காரன் திருப்பி அனுப்பிவிட்டான். மரங்களைச் சாய்த்துவிடுவது என்று அரிவாளோடு கரைக்கு இறங்கினாள்.

அங்கே நாத்தனார் ஓர் அதிகாரிக்கு மரங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எங்க குழு நட்டது சார். கரையைக் காப்பாத்திடுச்சு பாருங்க."

அடிப் பாவி! லாண்ட்ரிக்காரி நடுவே போய் நின்றாள்.

"யாரு நட்டது? உன் விரல் பட்டுச்சா இதுல? நான் வெட்டி, நான் அடிச்சு இறக்கினது. என் மரம்டி!"

அதிகாரி அரிவாளைப் பார்த்தார். "அப்போ அது எதுக்கும்மா?"

"வெட்டத்தான் சார்" என்றாள் நாத்தனார். "அவங்க மரம்தானே, வெட்டட்டும்."

லாண்ட்ரிக்காரி அவளை முறைத்தபடியே நடந்தாள். நிழலில் கிடந்த முன்கொடியை ஒரே வெட்டில் அறுத்தாள். பாதி வருமானம் அந்தக் கயிற்றில்தான் தொங்கியது.

"போட்டோ எடுக்குறவங்க வேலியை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள். "என் மரத்துல யாரும் சாயக் கூடாது."