காற்றின் போக்குக்கு விட்ட கை

கான்கிரீட் போட அடுக்கி வைத்திருந்த அகலமான சென்ட்ரிங் பலகைகளுக்கு மேலே கிரேனின் கொக்கி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் இருந்த ஆபரேட்டர் லீவரைத் தொடவில்லை. காலையிலிருந்து காய்ந்த தரையின் மேல் வெக்கை நெளிந்தது. பத்து மணிக்குப் பஞ்சுப்பொதியாக இருந்த மேகம் இப்போது மலைபோல் எழும்பி அடியில் கறுத்திருந்தது.

"ஏம்மா நிக்குது?" வாக்கிடாக்கியில் சூப்பர்வைசர் கேட்டார்.

"காத்து வரப்போகுது சார். இப்ப தூக்குனா பலகையைப் பட்டம் மாதிரி இழுத்துக்கிட்டுப் போயிடும்."

"இங்க ஒரு இலைகூட அசையல."

"இங்க சூடான காத்துதான் சார் மேல போய் மேகமாகியிருக்கு. அதுல மழை விழுந்தா குளுந்த காத்தும் சேர்ந்து இறங்கும். தரையில மோதி நாலாபக்கமும் பாயும். மேகம் அங்க, அடி இங்க."

"உன்னை வானிலை வாசிக்கவா வெச்சிருக்கு? தூக்கு."

கீழே சிக்னல் காட்ட நின்றவன் அவள் கொழுந்தன். "அண்ணி, பலகையைக் கட்டவா வேணாமா?"

"கட்டாத. எல்லாரையும் கூட்டிக்கிட்டு உள்ள போ."

கொக்கியை மேலே ஏற்றினாள். கிரேனின் நீண்ட கை காற்றின் போக்கில் தானாகத் திரும்பட்டும் என்று சுழல் பிரேக்கை விடுவித்தாள். இறுக்கி வைத்தால் கிரேனே சாயும். பிறகு ஏணியில் இறங்கி வந்தாள்.

சூப்பர்வைசர் கையை நீட்டி அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து வராத."

கொழுந்தன் ஏதோ சொல்ல வந்தான். "நீ சும்மா இருப்பா. வீட்டுல ஒருத்தராவது வேலையில இருக்கணும்," என்றாள்.

அவள் கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தபோது முதுகில் திடீரென்று குளிர் பட்டது. புழுதி சுவராக எழுந்து வந்தது. வேலித் தகரங்கள் பிய்ந்தன. அடுக்கிலிருந்து இரண்டு பலகைகள் எழும்பி, சற்றுமுன்வரை ஆட்கள் நின்றிருந்த இடத்தில் போய்க் குத்தின. உயரே கிரேனின் கை மெல்லத் திரும்பி, காற்று போன திசையைப் பார்த்து நின்றது. பிறகு மழை கொட்டியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மழை கொஞ்சம் தணிந்ததும் சூப்பர்வைசர் கேட் அறையின் ஜன்னலைத் திறந்து, வெளியே நின்றிருந்த அவளைக் கூப்பிட்டுப் பதிவேட்டை நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

வெளியே நனைந்தபடியே படித்தாள். 'உத்தரவை மீறியதால் நீக்கம்' என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில், அன்றைய வானிலை: 'வெயில். காற்று இல்லை.' அவள் பேனாவை வாங்கியபோது மணிக்கட்டிலிருந்து மழைத் தண்ணீர் அந்த எழுத்தின் மேல் சொட்டியது.

"பார்த்து. நோட்டு நனையுது," என்றார் அவர்.