நாரையின் இரண்டு கண்கள்

கண்ணால் பார்க்காத எதையும் அண்ணன்காரன் வரையமாட்டான். மாமனாரை வரைந்தபோது மூக்கிலிருந்த மருவைக்கூட விடவில்லை. அந்த மனுஷன் படத்தைப் பரணில் போட்டதோடு சரி. அப்படிப்பட்டவன் போன மழைக்காலத்தில் பறவை வரைய ஏரிக்குப் போனான். கரையில் செருப்பும் ஸ்டூலும் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை.

இன்று அண்ணி ஒரு படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, அவன் தம்பி வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டாள். பறவைப் பிரிவில், பாடம் செய்த கழுகுகளுக்கு நடுவே மேசையில் வைத்தாள்.

"காலையில எழுந்து பார்த்தா வீட்டுல அவர் படம் வரையற ஸ்டாண்டுல இருந்துச்சு தம்பி. பெயின்ட்கூட காயல. அவர் கைதான், எனக்குத் தெரியாதா? வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடுன்னு எங்க அம்மா நச்சரிக்கிறாங்க. அவர் உயிரோட இருந்தா நான் எதுக்குப் போகணும்? எங்க நின்னு வரைஞ்சிருக்கார்னு பார்த்துச் சொல்லு."

தம்பிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆசையோடு குனிந்தான்.

நாணலுக்கு நடுவே ஒரு நாரை, கழுத்தை மடக்கி நின்றது. இரண்டு கண்களும் நேராக அவனையே பார்த்தன. பறவை விஷயமெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாரை தன் அலகுக்கு நேர் கீழே இருக்கும் ஒன்றை இரண்டு கண்ணாலும் பார்த்தால், குத்தப்போகிறது என்று அர்த்தம்.

பிறகு கால்களைப் பார்த்தான். கரையில் நிற்பவனுக்கு நாரையின் உடம்பு தெளிவாகத் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் கால்தான் நெளியும். இங்கே எல்லாம் தலைகீழ். சேற்றில் ஊன்றிய விரல்கள் நகம் நகமாகத் தெரிந்தன. உடம்பும் நாணலும் வானமும்தான் நெளிந்தன. அல்லி இலையின் அடிப்பக்கம்கூட நரம்பு நரம்பாக இருந்தது.

தொட்டுப் பார்த்தான். பெயின்ட் விரலில் ஒட்டியது. எண்ணெய் வாடை இல்லை, சேற்று வாடை. அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். இருந்தும் விரலை அவசரமாகச் சட்டையில் துடைத்தான். பயம்தான், வேறென்ன.

"எங்க இருந்து பார்த்திருக்கார், சொல்லு தம்பி."

"தண்ணிக்கு அடியில இருந்து அண்ணி."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு மெல்லத் துணியை எடுத்துப் படத்தை மூடினாள்.

"இன்னைக்கே அம்மா வீட்டுக்குக் கிளம்புங்க அண்ணி. ராத்திரி அங்க தனியா இருக்காதீங்க. கதவை நல்லாப் பூட்டிட்டு..."

"நேத்து உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் படுத்தேன் தம்பி," என்றாள். "காலையிலயும் அது போட்டபடிதான் இருந்துச்சு."